இழுப்பது பெரிதா? நிறுத்துவது பெரிதா?

திருவாரூர் ஆழித்தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்.

தேரை இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். வடத்தைத் தொட்டால் போதும் என்று வருகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. ஆனால், தேரை நிறுத்துகிறவர்கள் சிலரே. அவர்கள் கையில் இருப்பது முட்டுக்கட்டை.

தேர் அசைந்து அசைந்து வரும். அவர்கள் சக்கரத்தின் அருகிலேயே நடந்து வருவார்கள். நிற்க வேண்டிய இடம் வந்ததும் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுவார்கள். கண் இமைக்கும் நேரம் தவறினாலும் ஆபத்து!

அலங்காரம் செய்த தேரின் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். இன்று அதற்கு ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. திருச்சி ‘பெல்’ தொழிற்சாலை பொருத்திக் கொடுத்தது. பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போய்விடவில்லை.

கனமான ஒன்றை இழுக்கத் தொடங்கும் முன்பே, அதை எப்படி நிறுத்துவது என்று யோசிக்க வேண்டும். தேர் சொல்லும் பாடம் இதுதான்.

இந்தப் பாடம் நெடுஞ்சாலையில் மறந்து போய்விட்டது. தினமும் ஆயிரக்கணக்கான டிரெய்லர் லாரிகள் ஓடுகின்றன. “எத்தனை டன் இழுக்கும்?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். “எத்தனை டன்னை நிறுத்தும்?” என்று யாரும் கேட்பது இல்லை!

இரண்டு வண்டி, ஒரு பயணம்

சாதாரண லாரி ஒரே வண்டி. டிரெய்லர் லாரி அப்படி அல்ல. அது இரண்டு வண்டிகள் சேர்ந்தது.

முன்னால் இருப்பது இழுக்கும் வண்டி. என்ஜினும் டிரைவரும் அதில்தான். பின்னால் இருப்பது டிரெய்லர். அதற்கு என்ஜின் கிடையாது. ஆனால், பாரம் முழுவதும் அதன் மேல்தான்!

முன் வண்டிக்கு 10 சக்கரம், டிரெய்லருக்கு 12 சக்கரம் என்றால் மொத்தம் 22 சக்கரம். வண்டியும் பாரமும் சேர்ந்து 55 டன் வரை ஓடுவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது அச்சுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 55 டன் என்பது பத்துப் பதினோரு யானைகளின் எடை.

பெங்களூரில் ஏற்றிய பாரம் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று சுமார் 600 கிலோமீட்டர் ஓட்டம். ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு. இரவு உண்டு, மழை உண்டு.

இத்தனைக்கும் வண்டியைத் தயார் செய்வது என்றால் என்ன? டீசல் போடுவதும், கண்ணாடி துடைப்பதும், எலுமிச்சம் பழம் நசுக்குவதும் மட்டும்தானா?

இரண்டு அங்குல ஆணி

டிரெய்லரை முன் வண்டியோடு சேர்த்துப் பிடிப்பது எது தெரியுமா?

ஓர் ஆணி! ‘கிங் பின்’ என்று பெயர். டிரெய்லரின் முன்பக்கத்தில், அடியில் தொங்கும். பெரும்பாலான வண்டிகளில் அதன் கனம் இரண்டு அங்குலம்தான்.

முன் வண்டியின் முதுகில் கிரீஸ் தடவிய ஒரு பெரிய இரும்புத் தட்டு இருக்கும். வண்டி பின்னால் வரும்போது ஆணி அந்தத் தட்டின் பிளவுக்குள் புகும். உடனே உள்ளே இருக்கும் தாடை ஆணியைக் கவ்விக் கொள்ளும். அவ்வளவுதான், இரண்டு வண்டியும் ஒன்று.

சில சமயம் தாடை முழுவதும் மூடாது. வெளியில் இருந்து பார்த்தால் மாட்டியது போலவே தெரியும். பாதி வழியில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கழன்றுவிடும். பிறகு என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இதைத் தடுக்கப் பெரிய மெக்கானிக் தேவை இல்லை. ஐந்து நிமிஷம் போதும். கீழே குனிந்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. பிறகு டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு, முதல் கியரில் முன் வண்டியை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். டிரெய்லர் பிடித்து நின்றால் பூட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஐந்து நிமிஷம் பல இடங்களில் செலவழிக்கப்படுவது இல்லை. காரணம், அவசரம்!

காற்றுதான் பிரேக்

காரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் அழுத்துகிறது. பெரிய லாரியில் அழுத்துவது காற்று.

என்ஜின் ஓடும்போது காற்று அமுக்கப்பட்டு டாங்குகளில் சேர்கிறது. முன் வண்டியில் இருந்து டிரெய்லருக்கு இரண்டு ரப்பர் குழாய்கள் போகின்றன. ஒன்று டிரெய்லரின் டாங்கை நிரப்புகிறது. மற்றொன்று, டிரைவர் மிதித்ததும் “பிடி” என்று டிரெய்லர் பிரேக்குக்குச் சேதி சொல்கிறது.

இதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. காற்று இருந்தால் பிரேக் பிடிக்கும். காற்று அடியோடு போய்விட்டாலும் பிரேக் பிடிக்கும்! ஏனென்றால், வலுவான ஸ்பிரிங் ஒன்றைக் காற்றுதான் அடக்கி வைத்திருக்கிறது. காற்று போனதும் ஸ்பிரிங் விடுபட்டுச் சக்கரத்தைப் பிடித்துக் கொள்கிறது.

அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869-ல் ரயிலுக்குக் காற்று பிரேக் கண்டுபிடித்தார். குழாய் அறுந்தாலும் ரயில் நிற்க வேண்டும் என்று யோசித்து, 1872-ல் அதைத் திருத்தி அமைத்தார். கெட்டுப் போகும்போதும் நன்மை செய்ய வேண்டும் என்ற அந்த எண்ணம்தான் இன்று லாரியிலும் இருக்கிறது.

அப்படியானால் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று செய்தி வருவது ஏன்?

காற்று சரியாக இருந்தும், பிடிக்க வேண்டிய லைனிங் தேய்ந்து போயிருக்கலாம். லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிப் போயிருக்கலாம். டாங்கில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். டிரெய்லர் பிரேக்கை ஆறு மாதமாக யாருமே தொடாமல் விட்டிருக்கலாம்.

முன் வண்டி முதலாளியின் செல்லப் பிள்ளை. அதற்குப் புது டயர், புது லைனிங். டிரெய்லருக்கோ என்ஜின் இல்லை, சத்தம் இல்லை, அழத் தெரியாது! அதனால் அதைக் கவனிப்பார் இல்லை.

டிரெய்லர் பிரேக் மெலிந்திருந்தால் என்ன ஆகும்? டிரைவர் மிதிக்கும்போது முன் வண்டி நிற்கும். டிரெய்லர் நிற்காது. பின்னால் இருந்து தள்ளும். முழங்கை மடங்குவது போல் இரண்டு வண்டியும் நடுவில் மடங்கிச் சாலைக்குக் குறுக்கே விழும். எதிரில் வருகிறவர்களுக்கு ஒதுங்கக்கூட இடம் இருக்காது.

புறப்படும் முன் செய்ய வேண்டியது மிகவும் எளிது. டாங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்து விட வேண்டும். காற்று முள் நிறையும் வரை காத்திருக்க வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு, பிரேக்கை மிதித்தபடி முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கிக் கொண்டே வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அந்த வண்டி நகரக் கூடாது!

ஒன்பது குடம் கொதிநீர்

பெங்களூரில் இருந்து சேலம் வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தர்மபுரியைத் தாண்டியதும் தொப்பூர் கணவாய் வருகிறது. சேலம் நோக்கி வரும் வண்டிகளுக்கு அது இறக்கம். இறக்கத்தோடு வளைவும் உண்டு.

2020 டிசம்பரில் அங்கே நெரிசலில் நின்றுகொண்டிருந்த வண்டிகள் மேல் சிமெண்டு லாரி ஒன்று வந்து மோதியது. பல கார்கள் நொறுங்கின. நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மீண்டும் ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்தது. மீண்டும் நான்கு உயிர்கள் போயின.

அவை டிரெய்லர்களா, சாதாரண லாரிகளா என்பது இங்கே கேள்வி அல்ல. பாரமும் இறக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதே கேள்வி.

ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள்.

வண்டியும் பாரமும் சேர்ந்து 40 டன் என்று வைத்துக் கொள்வோம். அது 100 மீட்டர் உயரத்தில் இருந்து கீழே இறங்குகிறது. வேகம் கூடாமல் பிடிக்கும் வேலை முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்தால், அப்போது உண்டாகும் சூடு எவ்வளவு?

சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு! பெரிய குடத்தில் அளந்தால் ஒன்பது குடம்.

வேறு விதமாகவும் சொல்லலாம். அதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு முறை நிறுத்தினால் ஒரு பங்கு சூடு என்றால், இந்த இறக்கத்தில் ஏழு பங்கு சூடு.

இவ்வளவு சூடும் சில நிமிஷங்களில் பிரேக் டிரம்களுக்குள் இறங்குகிறது. டிரம் சூட்டில் விரிகிறது. லைனிங் வழவழப்பாகி விடுகிறது. டிரைவர் மிதிக்கிறார், பிடிப்பது இல்லை. மறுபடி மிதிக்கிறார், காற்றுதான் செலவாகிறது. புகை வருகிறது. அதற்கு மேல் கடவுள் விட்ட வழி!

இந்தச் சூட்டைப் பிரேக்குக்குக் கொடுக்காமல் என்ஜினுக்குக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் கியர்.

தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். ‘எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரில் இறங்கு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். பாதி இறக்கத்தில் வேகம் பிடித்த பிறகு குறைக்க நினைத்தால் கியர் விழாது.

ஆனால், சிலர் என்ன செய்கிறார்கள்? இறக்கத்தில் கியரையே எடுத்து ‘நியூட்ரல்’ ஆக்கி விடுகிறார்கள். வண்டி தானாக உருளும், டீசல் மிச்சமாம்!

இது பழைய காலத்து நம்பிக்கை. இன்றைய டீசல் என்ஜின்களில் கியரோடு இறங்கும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், என்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடுகிறது. சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் அணையாமல் இருப்பதற்காக டீசல் செலவாகிக் கொண்டே இருக்கும். ஆக, மிச்சமும் இல்லை, பத்திரமும் இல்லை!

என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். ஸ்டீயரிங் கல் போல் கனக்கும். புதுக் காற்றும் சேராது.

இதில் டிரைவரை மட்டும் திட்டிப் பயன் இல்லை. ‘இத்தனை லிட்டருக்கு மேல் டீசல் போனால் உன் கணக்கில் பிடிப்பேன்’ என்று ஒரு முதலாளி சொன்னால், அந்தக் கையை நியூட்ரலுக்குத் தள்ளியது யார்? டிரைவரா? முதலாளியா?

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குப் பாரம் ஏற்றும் கலை தெரியும்.

முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். இரண்டும் இல்லாமல் நடுவாக ஏற்றுகிறவரே நல்ல வண்டிக்காரர்.

டிரெய்லருக்கும் அதே கணக்குத்தான். பாரம் முழுவதும் முன்னால் இருந்தால் இழுக்கும் வண்டியின் பின் அச்சு நசுங்கும். முழுவதும் பின்னால் இருந்தால் முன் வண்டிக்குத் தரையில் பிடிப்புக் குறையும். மழையில் வழுக்கும். ஒரு பக்கமாக இருந்தால் வளைவில் சாயும். உயரமாக அடுக்கினால் இன்னும் சீக்கிரம் சாயும்.

கப்பலுக்குப் போகும் இரும்புப் பெட்டிகளை எல்லாரும் பார்த்திருக்கலாம். ‘கண்டெய்னர்’ என்பது அதுதான். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 1956 ஏப்ரல் 26-ந் தேதி, 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். அன்று தொடங்கியது இந்தப் பெட்டி வியாபாரம்.

20 அடி, 40 அடி என்று வரும் இந்தப் பெட்டிக்கு நான்கு மூலையிலும் பூட்டு உண்டு. டிரெய்லரில் வைத்ததும் நான்கையும் திருகிப் பூட்ட வேண்டும். மூன்றைப் பூட்டி ஒன்றை விட்டாலும் தவறு. எடையே போதும், பெட்டி நகராது என்று நினைக்கிறவர்கள் உண்டு. வண்டி திரும்பும்போது பெட்டியும் திரும்ப வேண்டுமே! பூட்டாத பெட்டி நேராகப் போகவே விரும்பும்.

இரும்புச் சுருளுக்குச் சங்கிலி வேண்டும். உருளாமல் அடைப்புக் கட்டை வேண்டும். கட்டிய சங்கிலி முதல் ஐம்பது கிலோமீட்டரில் தளரும். நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகளுக்கும் இதே விதிதான்.

எடை கூடினால் சட்டம் சும்மா விடுவது இல்லை. 2019-ல் செய்த சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகரலாம்.

அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய வார்த்தைகள் உண்டு. ஓட்டுகிறவர் மட்டும் குற்றவாளி அல்ல. ஓட்டச் செய்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளிகளே! சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், செக்போஸ்டில் கைகட்டி நிற்பவர் எப்போதும் டிரைவர்தான்.

“நேற்றே பார்த்தாச்சு அண்ணே!”

லாரி நிற்கும் இடங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்.

“டேய் தம்பி, டயர் எல்லாம் தட்டிப் பார்த்தியா?”

“நேற்றே பார்த்தாச்சு அண்ணே!”

நேற்றுப் பார்த்தது நேற்றைக்கு. இன்றைக்கு இன்று பார்க்க வேண்டும்!

டிரெய்லரில் டயர்கள் இரட்டை இரட்டையாக இருக்கும். ஒன்றில் காற்று இறங்கினாலும் வெளியே தெரியாது. பக்கத்து டயர் தாங்கிப் பிடிக்கும். இரண்டு பேர் சுமக்க வேண்டியதை ஒருவன் சுமந்தால் எத்தனை தூரம் போவான்? சூடேறி வெடித்து விடுவான். நூறு கிலோமீட்டர் தாண்டி, வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் அது நடக்கும்.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். இரட்டை டயர் நடுவே சிக்கிய கல்லை எடுக்க வேண்டும். ஸ்டெப்னியும் காற்றோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் மறந்து போகிறவர்கள் உண்டு.

இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. கேட்க அண்ணனும் இல்லை. பதில் சொல்லத் தம்பியும் இல்லை. எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில்!

அடுத்தது விளக்கு. டிரெய்லரின் வால் விளக்கு எரிகிறதா என்று டிரைவருக்கு இருக்கையில் இருந்து தெரியாது. இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிளுக்கோ அந்தச் சிவப்பு விளக்குத்தான் உயிர்!

பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று மின்னும் பட்டைகளை ஒட்டச் சொல்கிறது விதி. ஒட்டியிருந்தாலும் சேறு படிந்தால் மின்னாது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய துணியும் போதும். இதற்கும் காசு வேண்டுமா?

ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்கும் இது பொருந்தும். கரும்பு தோகையோடு பின்னால் தொங்கி, இருக்கும் விளக்கையும் மறைத்து விடுகிறது. இருட்டில் அது வண்டி என்றே தெரியாது. ஊருக்குப் பக்கத்தில்தானே ஓடுகிறது என்று அலட்சியம் கூடாது. ஊருக்குப் பக்கத்தில்தான் ஊர்க்காரர்கள் போய் வருகிறார்கள்!

டிரைவருக்கும் தேய்மானம் உண்டு

வண்டியில் எல்லாம் சரி. ஓட்டுகிறவர் சரியாக இருக்கிறாரா?

டயரைத் தட்டிப் பார்க்கலாம். காற்றை முள்ளில் பார்க்கலாம். தூக்கத்தை அளக்க முள் இல்லை.

2025 வரை நடப்பில் இருந்த, 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? நாளுக்கு 8 மணி நேரம். வாரத்துக்கு 48 மணி நேரம். ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு. தொலைதூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்றால்கூட நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

அறுபது வருஷத்துக்கு முன்பே எழுதிய சட்டம் இது. நல்ல சட்டம். ஆனால், எத்தனை டிரைவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருந்ததே தெரியும்?

லோடு ஏற்றும் இடத்தில் பகல் முழுவதும் காத்திருக்கிறார் டிரைவர். உட்கார நிழல் இல்லை. குளிக்கத் தண்ணீர் இல்லை. மாலை ஆறு மணிக்கு லோடு ஏறுகிறது. “விடியும்போது துறைமுகத்தில் நிற்க வேண்டும்” என்று உத்தரவு வருகிறது.

காத்திருந்த நேரம் ஓய்வு நேரமா? கணக்குப் பிள்ளைக்கு அப்படித் தோன்றலாம். கண் இமைகளுக்கு அப்படித் தோன்றாது. அதிகாலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே அவை தங்கள் கணக்கைத் தீர்த்துக் கொள்ளும்!

யார் பொறுப்பு?

விபத்து நடந்ததும் முதலில் தேடப்படுகிறவர் டிரைவர். வழக்கு அவர் மேல். கோபமும் அவர் மேல்.

தவறு செய்த டிரைவரைத் தண்டிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவரையும், செல்போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறவரையும் மன்னிக்கவே கூடாது.

ஆனால், தேய்ந்த லைனிங்கை மாற்றாதவர் யார்? அதிக பாரம் ஏற்றியவர் யார்? தூங்க விடாமல் துரத்தியவர் யார்? அவர்கள் விபத்து நடந்த இடத்தில் இருப்பது இல்லை. அதனால் அவர்கள் பெயர் செய்தியிலும் வருவது இல்லை.

லாரி முதலாளிக்கும் கஷ்டங்கள் உண்டு. மாதத் தவணை கட்ட வேண்டும். டீசல், சுங்கம், இன்சூரன்ஸ் என்று செலவு. போகும்போது லோடு கிடைத்தால், திரும்பும்போது கிடைப்பது இல்லை. இருபது லாரி உள்ளவர் சமாளிப்பார். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒரே வண்டியை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. ‘வண்டி ஒரு நாள் நின்றால் அடுப்பு எரியாது’ என்று அவர்கள் சொல்வது பொய் அல்ல.

அதனால்தான் செலவை அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. சரக்கு யாருடையதோ, அவரும் பங்கு ஏற்க வேண்டும்.

கிடங்கு வாசலில் நாலு மணி நேரம் காக்க வைக்கிறவர், வண்டி கிளம்பும் சமயத்தில் மட்டும் நாலு நிமிஷம் பொறுக்க மாட்டார். இந்த வழக்கம் மாற வேண்டும். லோடு ஏறிய பிறகு, புறப்படும் முன், ஒரு மணி நேரம் வண்டியைச் சோதிக்க ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தையும் வாடகையில் சேர்த்துக் கூலி கொடுக்க வேண்டும்.

எடை மேடைச் சீட்டு இல்லாமல் எந்த டிரெய்லரும் கிடங்கு வாசலைத் தாண்டக் கூடாது. பாரம் ஏற்றுகிற இடத்திலேயே டிரைவர் படுக்க ஓர் அறையும், குளிக்க ஒரு குழாயும் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. “வண்டி சரியில்லை, எடுக்க மாட்டேன்” என்று டிரைவர் சொன்னால், அதுவே கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும். அதற்காக அவர் கூலியைப் பிடிக்கக் கூடாது. வேறு ஆளைக் கூப்பிட்டு அதே வண்டியை அனுப்பவும் கூடாது.

‘எஃப்.சி. இருக்கிறதே’ என்று சிலர் சொல்வார்கள். எஃப்.சி. என்பது வண்டியைச் சோதித்த அந்த ஒரு நாளைக்குச் சாட்சி. அதற்குப் பிறகு வண்டி ஓடிய ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அது எப்படிச் சாட்சி ஆகும்?

ஒரு மணி நேரம் தாமதமானால் கப்பல் போய்விடுமே என்று கேட்கலாம். அப்படியானால் ஒரு மணி நேரம் முன்னதாக லோடு ஏற்றுங்கள். கப்பல் போனால் அடுத்த கப்பல் வரும். போன உயிர் வருமா?

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

டிரெய்லர்க்காரர்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. அதே சாலையில் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் கடமை உண்டு.

டிரெய்லர் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள், முன் சக்கரங்கள் போன வழியில் வருவது இல்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே, இடது பக்கம் திரும்பும் டிரெய்லருக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவில் இடம் இருக்கிறதே என்று நுழையாதீர்கள். அந்த இடம் அடுத்த நொடியில் இருக்காது!

டிரைவரின் கண்ணாடி உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். வெயிலுக்கு நிழல் என்று வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள்.

டிரெய்லருக்கு முன்னால் காலியாக இருக்கும் இடம் வீணாகக் கிடக்கும் இடம் அல்ல. நிறுத்துவதற்காக டிரைவர் சேமித்து வைத்த இடம். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. அந்த இடத்தில் புகுந்து பிரேக் போடுகிறவர் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக் கொள்கிறார்.

இறக்கத்தில் டிரெய்லர் மெதுவாக இறங்கினால் பின்னால் நின்று ஹார்ன் அடிக்காதீர்கள். அந்த டிரைவர் தாழ்ந்த கியரில், சரியாக ஓட்டுகிறார். அவர் மெதுவாகப் போவதால்தான் முன்னால் போகிற குடும்பங்கள் பத்திரமாகப் போகின்றன.

லாரியின் நெற்றியில் முதலாளியின் குழந்தைகள் பெயரை எழுதி வைப்பது வழக்கம். அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு. எதிரே வருகிற காரிலும் குழந்தைகள் உண்டு.

சாவியைக் கையில் எடுக்கும் முன் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். முதலாளியும் கேட்க வேண்டும். வியாபாரியும் கேட்க வேண்டும். டிரைவரும் கேட்க வேண்டும்.

“இந்த வண்டி ஓடுமா?” என்று அல்ல.

“இந்த வண்டி நிற்குமா?” என்று!